அம்மாவின் காதுக்கு ஒரு நாடகம்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சியைப் பார்ப்பது நான், கேட்பது அம்மா. அவவுக்கு வயது 86. நீரிழிவு கண்ணை மெல்ல மெல்லத் தின்று, பத்து வருடங்களுக்கு முன் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறோம். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். அந்த நேரம் ரீ.வி.யில் யாராவது கதைத்துக்கொண்டிருந்தால் அம்மா கையை உயர்த்துவா. ரயில் போய் முடிந்ததும் விட்டுப்போன வசனத்தை நான் சொல்லவேண்டும். ஆட்கள் பேசாமல் நிற்கிற காட்சிகளையும் சொல்லவேண்டும்: “இப்ப கதவடியில நிக்கிறா அம்மா. உள்ளுக்குப் போகேல்லை.”

நான் வங்கி ஒன்றில் முப்பது வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சினிமாவைப் படித்தவளில்லை. கமராவைப் பற்றியும் படத்தொகுப்பைப் பற்றியும் எழுதுகிறவர்களின் பத்திகளை மரியாதையோடு வாசிப்பேன். அவற்றில் கருத்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஆனால் அம்மாவுக்குப் படம் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தப் படத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்களா? எந்த ஊர் ஆட்கள் என்று தெரிகிறதா? அம்மாவுக்கு இரண்டு நிமிடம் போதும். “இது எங்கையோ படிச்சுப் பாடமாக்கின கதை” என்று சொல்லிவிட்டால் பிறகு அவ கேட்கமாட்டா. தலையணையைச் சரிசெய்துகொண்டு மற்றப்பக்கம் திரும்பிவிடுவா.

2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தபோது அவவைத் தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு போனேன். கண் தெரியாத மனிசியைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். போகவேண்டும் என்று நின்றது அம்மாதான். 2022 இல் நாங்கள் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் படகேறிய ஒரு குடும்பத்தின் கதை என்று கனடாவிலிருந்து யாரோ சொல்லியிருந்தார்கள். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் தாய் தகப்பன், இரண்டு ஆண்பிள்ளைகள். இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் வாடகை வீடு பிடித்து, தாங்கள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் சீவிக்கப் பார்க்கிறார்கள். பேச்சுத்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அக்கம்பக்கத்தாரோடு கதைக்கவேண்டாம் என்பது அவர்களுக்குக் கிடைக்கிற முதற் புத்திமதி.

அந்த இடத்தில் இருட்டுக்குள் அம்மா என் கையைத் தேடிப் பிடித்தா.

1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை விட்டு வெளிக்கிட்டோம். கொடிகாமம், வன்னி, வவுனியா என்று அலைந்து அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். அந்த வருடங்களில் காலி வீதியில் பஸ் ஏறினால் அம்மாவும் நானும் கதைப்பதில்லை. இறங்குமிடம் வந்தால் நான் அவவின் முழங்கையைத் தொடுவேன். பொட்டை அழித்துவிட்டு ஏறுகிற பெண்களைத் தெரியும். நாங்களும் சில நாட்களில் அப்படிச் செய்திருக்கிறோம். ஒருநாள் 101 ஆம் இலக்க பஸ்ஸில் அம்மா மறந்துபோய், “பிள்ளை, பை கவனம்” என்று உரக்கச் சொல்லிவிட்டா. முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தமிழகத்து ரசிகர்கள் அந்தப் படத்தில் சிரித்த பல இடங்களில் எங்களால் சிரிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். தாய்மொழியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நடக்கிறவனின் களைப்பு எங்களுக்குத் தெரியும்.

படத்தில் குறைகள் உண்டு. அந்தக் குடியிருப்பில் இருக்கிற எல்லோரும் கொஞ்ச நேரத்திலேயே நல்லவர்களாகிவிடுகிறார்கள். சசிகுமாரின் பேச்சு இடையிடையே மதுரைக்குப் போய்த் திரும்புகிறது. அம்மா அதைக் கவனித்தா. “பொடியன் பாடுபடுறான்” என்றா. அவவின் வாயில் அது பாராட்டு. ஆனால் சிம்ரனைப் பற்றி நான் சொன்னது அவவை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2002 இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், இராமேஸ்வரம் முகாமில் பிறந்த ஈழத்துக் குழந்தையை வளர்க்கிற சென்னைத் தாயாக வந்தவவும் இதே சிம்ரன்தான். பெற்ற தாயைத் தேடி மாங்குளத்துக்கு அந்தப் பிள்ளையோடு வருவா. இருபத்துமூன்று வருடங்களில் அவ கரை மாறி, இந்தக் கரைத் தாயாகியிருக்கிறா. மாங்குளம் படத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அந்தச் சிறுமியின் முகம் மறக்காது. ஆனால் அதில் நாங்கள் தூரத்தில் வைத்துப் பார்த்து இரங்கப்படுகிற சனம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் அந்த வீட்டுக் குசினிக்குள் நாங்கள் இருந்தோம்.

‘தெனாலி’யையும் சொல்லவேண்டும். 2000 ஆம் ஆண்டு கமல்ஹாசன் எங்கள் தமிழைப் பேசினார் என்றதும் கொழும்பே திரண்டு போய்ப் பார்த்தது. பேச்சு நுணுக்கத்துக்கு எங்கள் வானொலிக் கலைஞர் பி.எச். அப்துல் ஹமீத்திடம் ஆலோசனை கேட்டிருந்தார். அந்தக் கவனம் காதுக்குத் தெரிந்தது, இன்றும் தெரிகிறது. மனதில் தைத்தது வேறொன்று. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒருவனின் வாயில் அந்தத் தமிழை வைத்ததால், தமிழகத்தில் பலருக்கு எங்கள் பேச்சே சிரிப்புக்குரிய பேச்சாகிவிட்டது. சென்னையில் பிள்ளையின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் கடைப் பையன் ஒருவன் என் பேச்சைக் கேட்டதும் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் நான் மிச்ச விலையை விரலால் காட்டிப் பேசினேன். பஸ்ஸில் அம்மாவின் முழங்கையைத் தொட்ட அதே விரல்.

பிறகு வந்தவற்றில் துவக்கு அதிகம். எங்கள் பேச்சு என்றால் அதற்குப் பின்னால் ஒரு வெடி இருக்கவேண்டும் என்று பெரிய நிறுவனங்களின் தொடர்கள் நினைக்கின்றன. பிரான்சில் ஜாக் ஓடியார் எடுத்து 2015 இல் கானில் தங்கப்பனை பெற்ற ‘தீபன்’ கூட அதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த படம். ஒருவரையொருவர் முன்பின் தெரியாத ஆண், பெண், பிள்ளை மூவரும் ஒரு குடும்பமாக நடித்து அந்நிய நாட்டில் கதவு திறக்கிற முதற்பகுதி அருமை. அதை அம்மா மூச்சு விடாமல் கேட்டா. கடைசியில் சண்டை தொடங்கியதும் “இனி நிப்பாட்டு” என்றா. நானும் அந்தக் கட்டத்தில் அவவோடு உடன்படுகிறேன்.

துவக்கு இறங்கியபின் என்ன நடக்கிறது என்று கேட்ட படம் அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’. 2012 இல் வந்தது. போராட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கிறது, வேலை தேடினால் என்ன சொல்கிறது, முன்பு விரும்பியவள் எந்தக் கோலத்தில் இருக்கிறாள் என்று நிதானமாகப் போகும். நாயகன் தர்ஷன் தர்மராஜ். இரண்டு மொழியிலும் நடித்துப் பெயர் வாங்கிய அந்தப் பிள்ளை 2022 ஒக்ரோபரில் மறைந்துபோனது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் இன்னும் இருபது வருடங்கள் நடித்திருக்கவேண்டும். அதற்கு இங்கே இருபது வருடத்துக்கான தமிழ்ப் படைப்புகளும் இருந்திருக்கவேண்டும்.

இங்கே ஒரு சங்கதியை இளையவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1947 இல் வந்த முதற் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். 1962 இல் இலங்கையின் முதற் தமிழ்ப் படமான ‘சமுதாயம்’ படத்தை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ஸ என்ற சிங்களவர். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் தொட்ட ‘பொன்மணி’யை 1977 இல் தர்மசேன பத்திராஜ இயக்கினார், திரைக்கதை காவலூர் இராஜதுரை. அடுத்த வருடம் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ வந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் பார்த்துப் பழகிய தியேட்டரில், திரையில் ஒருவர் “ஓம்” என்று சொன்னதும் சனம் கைதட்டியது. ‘ஓம்’ என்ற ஒரு சொல்லுக்குக் கைதட்டல்! அம்மா அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் மீன்வாடியின் மணம் வந்தது என்கிறா. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனையோ படச்சுருள்கள் போய்விட்டன. ஆட்களும் ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போனார்கள். அந்த வரிசை அறுந்ததற்கு யுத்தம் காரணம் என்பதை ஏற்கிறேன். யுத்தம் முடிந்தது 2009 இல். அதற்குப் பிறகும் ஏன் கட்டப்படவில்லை என்பதுதான் என் கேள்வி.

எங்களுக்குக் கீழ் வீட்டில் இருப்பது சிங்களக் குடும்பம். அந்த அக்காவும் அம்மாவும் இருபது வருடச் சினேகிதம். அம்மா சிங்களம் பழகியதே ‘கோபி கடே’ நாடகத்தில்தான். 1987 முதல் சுயாதீனத் தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருக்கிற, கிராமத்துக் கோப்பிக் கடை ஒன்றைச் சுற்றிய கதை. புதன்கிழமை பின்னேரம் அக்கா மேலே வருவா, அல்லது அம்மாவை நான் படியால் இறக்கிக் கொண்டுபோய் விடுவேன். 2012 இல் ரூபவாஹினியில் ‘சுஜாதா தியணி’ போனபோது இருவருமாக ஒருநாளும் விடவில்லை. கொரியாவின் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை செய்து, பிறகு மருத்துவம் கற்று உயர்கிற பெண்ணின் கதை. அப்போது அம்மாவுக்குக் கொஞ்சம் கண் தெரிந்தது. அந்தக் கொரியப் பெண் சிங்களம் கதைத்த விதம் என்னை வியக்கவைத்தது. ஒரு நல்ல சிங்களக் குடும்பத்துப் பெரியமனிசி எப்படிக் கதைப்பாவோ அப்படி இருந்தது. ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த தொடக்கிவைத்த மரபு அது. வெளிநாட்டுப் பூனையும் முயலும்கூட அவர் கையில் இந்த நாட்டுக் கிராமத்துப் பேச்சைப் பேசின.

அந்தத் தொடர் போன நாட்களில் ஓர் இரவு படியேறி வரும்போது அம்மா கேட்டா: “கொரியாக்காரி இவ்வளவு வடிவாச் சிங்களம் கதைக்கிறா. எங்கட ஆக்கள் ரீ.வி.யில எங்கட தமிழ் கதைச்சால் என்ன?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் எங்கள் தமிழ் அலைவரிசைகளில் மாலை நேரத்தைச் சென்னைத் தொடர்களும், மும்பையில் எடுத்துச் சென்னைத் தமிழில் குரல் கொடுத்த தொடர்களும்தான் நிரப்புகின்றன. சென்னைத் தொடர்மேல் எனக்குக் கோபமில்லை. ‘மெட்டி ஒலி’யை அம்மாவும் நானும் ஒரு குடும்ப விசேஷம் போலப் பார்த்தோம், ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற தகப்பனின் கவலை எங்கள் ஒழுங்கைக்கும் தெரிந்த கவலை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து கதைத்த மதுரைப் பேச்சைக் கேட்கவென்றே அம்மா மருந்து குடிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டா. அந்தப் பாத்திரத்தின் கொடுமையை வெறுத்தபடியே அந்தப் பேச்சை ரசித்தா. 2023 செப்டெம்பரில் அவர் இறந்த செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் ரீ.வி. போடவில்லை.

‘மெய்யழகன்’ படம் அதிலும் மேல். 1996 இல் தஞ்சாவூர் வீட்டைப் பறிகொடுத்து ஊரை விட்டுப் போகிற குடும்பத்தில் தொடங்குகிறது அது. வருடத்தைச் சொன்னதும் அம்மா “நாங்கள் கொழும்புக்கு வந்ததும் அந்த வருசம்தான்” என்றா. பிறகு படம் முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி எடுக்காத படம். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர்த் தமிழைப் பேசியபடியால் கொக்குவில்காரிக்கு அது போய்ச் சேர்ந்தது. ஊர்ப்பேச்சு வெளியூருக்கு விளங்காது, அதனால் வியாபாரம் படியாது என்று சொல்கிற தொலைக்காட்சிக்காரர்கள் இதை யோசிக்கவேண்டும்.

விளங்கும் என்பதற்குச் சாட்சி வேறும் உண்டு. 2019 இல் சென்னை ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் லொஸ்லியா போனபோது, எங்கள் தமிழைக் கேட்கவென்றே தமிழகத்துச் சனம் உட்கார்ந்தது. 2023 இல் ‘சரிகமப’ சிறுவர் மேடையில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா வெற்றி பெற்றா. அதே மேடையில் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை அசானி தன் மலையகத் தமிழில் கதைத்தா. மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு வருடம் நிறைந்ததென்று நினைவுகூர்ந்த ஆண்டு அது. அந்தப் பேச்சை ஒரு பெரிய மேடையில் நான் கேட்டது அதுவே முதல் தடவை, அதுவும் அந்நிய நாட்டு மேடையில். பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ படத்தில் களவுக்காகப் பிடிபட்டுப் பொலிஸ் அடியில் நொறுங்குகிற தோட்டத்து இளைஞர்கள் எத்தனை வசனம் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கதையின் பாரம் அவர்கள் முதுகில், பேச்சு மற்றவர்களுக்கு. நல்ல படம்தான். அதைப் பார்த்தபின் அந்த இளைஞர்களின் வீட்டில் என்ன கதைத்திருப்பார்கள் என்று அறிய ஆசைப்பட்டேன். அதை எடுக்கவேண்டியவர்கள் நாங்கள்.

நாங்கள் எடுத்திருக்கிறோம், வானொலியில். எழுபதுகளில் இலங்கை வானொலி வர்த்தக சேவையில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன நேரம் எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் சைக்கிள் மணிச் சத்தம்கூடக் கேட்காது என்று அம்மா சொல்லுவா. ‘கோமாளிகளின் கும்மாளம்’ இன்னொன்று. எஸ். ராம்தாஸின் மரைக்கார், செல்வசேகரனின் உபாலி, ராஜகோபாலின் அப்புக்குட்டி. முஸ்லிம் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் மூன்றும் ஒரே வீட்டுக்குள் ஏறி இறங்கும். 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. கே.எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை றைற்’ என்று ஒரே ஆளாக நின்று ஒரு பஸ் முழுக்க ஆட்களை ஏற்றினார். பார்வை போனபின் அம்மா அதிகம் நினைப்பது அந்த நாடகங்களைத்தான். அவற்றில் எவரும் அவவுக்குக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கால் செருப்பு, கிணற்றுக் கப்பி, இருமல் எல்லாம் குரலோடு வரும்.

பணமில்லை என்பார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஈழத்தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்தால் நாட்டில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர். இந்தக் கால்வாசிப் பேரும் சவர்க்காரமும் பால்மாவும் தேயிலையும் வாங்குகிறோம். அவற்றை விற்கிற விளம்பரம் எங்கள் தமிழ் அலைவரிசைகளில் ஓடுகிறது. அந்த விளம்பரத்துக்கு நடுவே வாரத்தில் அரைமணி நேரம் கேட்கிறேன். வெளிநாட்டுக் காட்சி வேண்டாம், மாளிகை வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, கொட்டாஞ்சேனையில் ஒரு மளிகைக் கடை, ஹட்டனிலிருந்து அங்கே வேலைக்கு வந்த ஒரு பொடியன், அவனுக்கு அறை கொடுத்த முஸ்லிம் வீடு, மேல்மாடியில் கனடாக் காசுக்குக் காத்திருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவி. ஒரு படியும் இரண்டு அறையும் போதும். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். குரலை முதலில் தெரிவுசெய்யுங்கள், முகத்தைப் பிறகு பாருங்கள். அறிவிப்பாளர்களிடம் சென்னை உச்சரிப்பைக் கேட்காதீர்கள். புசல்லாவையிலிருந்து வந்தவர் புசல்லாவைத் தமிழிலும், காத்தான்குடியிலிருந்து வந்தவர் காத்தான்குடித் தமிழிலும் கதைக்கட்டும்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த நாளில் அந்த நாடகத்தைப் போடச் சொல்லி எழுதுகிறாய் என்று கேட்டா. ஞாயிறு பின்னேரம் என்றேன். நல்லம் என்றா. மருந்து குடித்து ஒரு நித்திரை கொண்டு எழும்பியிருப்பா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கீழ் வீட்டு அக்காவும் தேத்தண்ணியோடு மேலே வருவா. விளங்காத சொல்லை அம்மா அவவுக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுப்பா. புதன்கிழமை மட்டும் வேண்டாமாம். அன்றைக்கு ‘கோபி கடே’.